பிளேன் ஏன் விழுந்தது?

(ஜவ்வாது மலை, ஜமுனாமரத்தூரில் அறிவியல் ஆசிரியர்களுக்கான பயிற்சி ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ரேடியோ கட்டுப்பாட்டு மாதிரி விமானத்தில் ஏற்படும் மின்னணுப் பழுதுகளைக் கண்டுபிடிப்பது பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நிகழ்ச்சி நிரலில் இதைப் பார்த்ததும் தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் இரண்டு பேர், "இது நமக்கு இல்ல சார், ஐஸ்கூல்காரங்களுக்கு" என்று பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. உங்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. கடைசியில் டார்ச் லைட்டுக்கு வருகிறேன், அதுவரை இருங்கள்.

எங்கள் பள்ளியில் உள்ள விமானம் பெரிதாக ஒன்றுமில்லை. தெர்மாகோல் போன்ற நுரை அட்டையில் பிள்ளைகளே வெட்டி ஒட்டியது. இறக்கை ஒரு மீட்டர். எடை முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. உள்ளே இருக்கும் மின்னணுப் பொருள்கள் ஐந்துதான். 11.1 வோல்ட் லித்தியம் பாலிமர் பேட்டரி ஒன்று. மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இ.எஸ்.சி. என்கிற பலகை. மோட்டார். கையில் இருக்கும் டிரான்ஸ்மிட்டர் சொல்வதைக் கேட்கிற ரிசீவர். இறக்கையிலும் வாலிலும் உள்ள மடிப்புகளை அசைக்க நான்கு சிறிய சர்வோக்கள். சர்வோ ஒவ்வொன்றுக்கும் மூன்று கம்பிகள்: சிவப்பு நேர்மின், பழுப்பு எதிர்மின், ஆரஞ்சு செய்தி. ஆரஞ்சுக் கம்பியில் ஏறத்தாழ 20 மில்லி நொடிக்கு ஒருமுறை ஒரு துடிப்பு வரும். அந்தத் துடிப்பு 1.5 மில்லி நொடி நீடித்தால் நடுவில் நில் என்று பொருள். 1 என்றால் ஒரு பக்கம், 2 என்றால் மறுபக்கம்.

ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும். ரிசீவருக்கும் சர்வோக்களுக்கும் 5 வோல்ட் போதும். பேட்டரியோ 11 வோல்ட்டுக்கு மேல் தருகிறது. இ.எஸ்.சி.யின் உள்ளேயே இருக்கும் பி.இ.சி. என்கிற சிறு பகுதிதான் அதை 5 வோல்ட்டாகக் குறைத்துக் கொடுக்கிறது. விலை குறைந்த இ.எஸ்.சி.களில் இந்தப் பகுதி, மீதி வோல்ட்டை வெப்பமாக மாற்றித்தான் குறைக்கும்.

இனி விழுந்த கதை. அறுவடை முடிந்த சாமைக் கொல்லையில் பறக்கவிட்டோம். ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் கையில் டிரான்ஸ்மிட்டர். முந்தைய நான்கு வாரங்களும் அவன்தான் ஓட்டினான், நன்றாகவே ஓட்டினான். அன்று நான்காவது நிமிடம், காற்றை எதிர்த்துத் திரும்பும்போது விமானம் மூக்கைக் கவிழ்த்துத் தரையில் குத்தியது. மூக்கு நொறுங்கிவிட்டது.

"குச்சியை இழுக்குறேன் சார், பிளேன் கேக்கவே இல்ல" என்றான் அவன். சுற்றி நின்ற பதினோரு பேரும் ஒரே குரலில், "இவன்தான் சார் போட்டான், மாத்தி இழுத்துட்டான்" என்றார்கள். மேசையில் வைத்துப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக வேலை செய்தது. மோட்டார் சுற்றியது, மடிப்புகள் அசைந்தன. அது அவனுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. "பார், மெஷின் நல்லாத்தான் இருக்கு" என்றார்கள். அடுத்த மூன்று நாள் அவன் அந்த அறைப் பக்கமே வரவில்லை. வீட்டிலிருந்து முதன்முதலாகப் பள்ளிப் படிப்புக்கு வந்த பிள்ளை. இப்படி ஒரு பழி விழுந்தால் அவன் எந்த அளவுக்கு விலகிப் போவான் என்பதை இங்கே இருக்கும் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

மேசையில் வேலை செய்கிறது, பறக்கும்போது செய்யவில்லை. மாதிரி விமானம் வைத்திருப்பவர்கள் அடிக்கடி சந்திக்கும் பழுது இதுதான், கண்டுபிடிக்கச் சிரமமானதும் இதுதான். முழுவதும் செத்துப்போன பொருளைக் கண்டுபிடிப்பது சுலபம். சர்வோ ஒன்று அசையவில்லை என்றால், அதன் செருகியைப் பிடுங்கி ரிசீவரின் வேறொரு துளையில் செருகிப் பாருங்கள். பழுது சர்வோவோடு கூடவே போனால் சர்வோ கெட்டது. பழைய துளையிலேயே பழுது தங்கிவிட்டால் ரிசீவர் கெட்டது. மோட்டார் சுற்றாமல் கிடுகிடுவென்று நடுங்கினால், அதற்குப் போகும் மூன்று கம்பிகளில் ஒன்று பெரும்பாலும் விட்டிருக்கும், பற்றவைப்பைப் பாருங்கள். நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் எதிர்ப்பக்கம் சுற்றுகிறது என்றால் பழுதே இல்லை. மூன்றில் ஏதாவது இரண்டு கம்பிகளை மாற்றிப் போட்டால் சரி. இதற்கெல்லாம் பத்து நிமிடம் போதும்.

வந்து வந்து போகும் பழுதுக்கு அது போதாது. அங்கே முதலில் வேண்டியது சாட்சி.

நான்காம் நாள் பதினோரு பேருக்கும் ஆளுக்கொரு தாள் கொடுத்தேன். யாரும் பேசக் கூடாது. கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் மட்டும் எழுத வேண்டும். ஏன் விழுந்தது என்று எழுதக் கூடாது. இது எவ்வளவு கடினம் என்று அன்றுதான் பிள்ளைகளுக்குத் தெரிந்தது. "கன்ட்ரோல் போச்சு" என்று எழுதினார்கள். கன்ட்ரோல் போவதைக் கண்ணால் பார்க்க முடியுமா என்று கேட்டேன். அடித்துவிட்டு, "வால் மடிப்பு அசையல" என்று ஒருவன் எழுதினான். அவ்வளவு தூரத்தில் வால் மடிப்பு தெரிந்ததா என்று கேட்டேன். அதையும் அடித்தான். கடைசியில் தாளில் தங்கியது, "மூக்கு கீழே போனது" என்பது மட்டும்தான். அது உண்மை.

தாள்களை எல்லாம் சேர்த்துப் பார்த்தபோது இரண்டு செய்திகள் கிடைத்தன. ஏழு பேர், மூக்கு கவிழ்வதற்கு முன்பே மோட்டார் சத்தம் நின்றது என்று எழுதியிருந்தார்கள். இன்னொன்றை எழுதியவள் ஒரே ஒரு பெண். விழுந்த இடத்துக்கு முதலில் ஓடியவள் அவள். "கிட்டப் போனப்ப பீப் பீப் பீப்னு கத்திக்கிட்டே இருந்துச்சு" என்று எழுதியிருந்தாள். எப்படிக் கத்தியது, வாயால் கத்திக் காட்டு என்றேன். மூச்சு விடாமல் வேகமாகக் கத்திக் காட்டினாள். வகுப்பே சிரித்தது.

எங்கள் இ.எஸ்.சி.யின் கையேட்டை எடுத்துப் பார்த்தோம். ரிசீவரிலிருந்து செய்தி வரவில்லை என்றால் விட்டு விட்டு, நிதானமாக ஒலிக்கும். இடைவெளியில்லாமல் வேகமாக ஒலித்தால் பொருள் வேறு: 'நான் இப்போதுதான் மின்சாரம் வந்து விழித்திருக்கிறேன், வேகக் குச்சி மேலே நிற்கிறது, அதைக் கீழே இறக்கினால்தான் மோட்டாரைச் சுற்றுவேன்.' விழித்தவுடன் மோட்டார் திடீரென்று சுற்றி யார் விரலையும் வெட்டிவிடக் கூடாது என்பதற்காக வைத்த பாதுகாப்பு ஏற்பாடு அது.

அப்படியானால் இ.எஸ்.சி. பறந்துகொண்டிருக்கும்போதே ஒருமுறை அணைந்து மீண்டும் எழுந்திருக்கிறது. பையன் குச்சியை எப்படி இழுத்தாலும் அது அணையாது. இதைக் கரும்பலகையில் எழுதியபோது வகுப்பில் சத்தம் குறைந்தது. ஒருவன் எழுந்து போய் அவனைக் கூட்டிவந்தான். நான் போகச் சொல்லவில்லை.

ஆனால் அந்தப் பெண் ஒருத்தியின் காதை மட்டும் நம்பி முடிவு கட்டலாமா? இதற்கு நம் மலையிலேயே நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. காவலூர் வானாய்வகத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள், பிள்ளைகளையும் கூட்டிப் போயிருப்பீர்கள். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு மங்கலான விண்மீனுக்கு முன்னால் கடப்பதாக இருந்தது. காவலூரில் 1972இல் நிறுவிய 102 சென்டிமீட்டர் தொலைநோக்கியில் அந்த விண்மீனின் ஒளியை மின்னணுக் கருவியால் அளந்துகொண்டிருந்தார்கள். கோள் நெருங்கிய வேளையில் ஒளி சில நொடிகள் குறைந்து மீண்டும் பழைய நிலைக்கு வந்தது.

சில நொடிகள்தான். மெல்லிய மேகம் கடந்திருக்கலாம். தொலைநோக்கி கொஞ்சம் விலகியிருக்கலாம். கருவியில் எங்காவது தொடர்பு விட்டுச் சேர்ந்திருக்கலாம். நாமாக இருந்தால் 'லூஸ் கனெக்‌ஷன்' என்று சொல்லிவிட்டு அந்தத் தாளைக் கிழித்திருப்போம். அவர்கள் கிழிக்கவில்லை. பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் அதை 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். யுரேனஸுக்குப் புதிய துணைக்கோள் ஒன்று இருக்கிறது என்ற தலைப்பில். அதே இரவில் அமெரிக்க வானியலாளர்கள், தொலைநோக்கி பொருத்திய கைப்பர் என்ற விமானத்தில் இந்தியப் பெருங்கடலின் தென்பகுதிக்கு மேலே பறந்தபடி அதே விண்மீனை அளந்தார்கள். அவர்களுடைய பதிவில் கோளின் இரு பக்கமும் இப்படிப் பல இறக்கங்கள், கோளிலிருந்து ஏறத்தாழ ஒரே தூரங்களில் இருந்தன. ஒரு துணைக்கோள் இரண்டு பக்கமும் நிற்க முடியாது. அதனால்தான் யுரேனஸுக்கு வளையங்கள் இருப்பது தெரிந்தது. அதுவரை வளையம் என்றால் சனி ஒன்றுதான்.

இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை, பெருமைப்படலாம் என்பது வேறு. ஒரு கருவி மட்டும் சொன்னால் அது கருவியின் கோளாறா, வெளியில் நடந்த விஷயமா என்று பிரிக்க முடியாது. முதல் கருவியோடு தொடர்பில்லாத இரண்டாவது கருவியும் அதையே சொன்னால் பிரித்துவிடலாம். பிள்ளைகளிடம் இதைச் சொல்லிவிட்டு, "நமக்கு இரண்டாவது சாட்சி எது?" என்று கேட்டேன். மல்டிமீட்டர் என்றார்கள்.

மல்டிமீட்டரை எடுக்கும் முன் செய்ய வேண்டியது ஒன்று. புரொப்பெல்லரைக் கழற்றி எடுத்துவிட வேண்டும். பேட்டரி செருகியிருக்கும் மேசையில் புரொப்பெல்லர் இருக்கவே கூடாது. நிமிடத்துக்குப் பல ஆயிரம் முறை சுற்றுவது அது. எங்கள் அறையில் கழற்றிய புரொப்பெல்லரை ஒரு பிள்ளை கையில் பிடித்துக்கொண்டு நிற்கும், சோதனை முடியும் வரை அதுதான் அந்தப் பிள்ளையின் வேலை. மற்ற பிள்ளைகள் அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பேட்டரியைச் செருகுவோம்.

இ.எஸ்.சி. அணைந்து எழுந்ததற்குக் காரணம் இரண்டு இடங்களில் ஒன்றாகத்தான் இருக்க முடியும். ஒன்று, பேட்டரிச் செருகி விட்டுச் சேர்ந்திருக்க வேண்டும், அப்படியானால் எல்லாவற்றுக்குமே மின்சாரம் போயிருக்கும். அல்லது, பேட்டரி சரியாக இருந்து, 5 வோல்ட் தரும் பி.இ.சி. கைவிட்டிருக்க வேண்டும். எங்கள் இ.எஸ்.சி.யின் மூளையும் அதே 5 வோல்ட்டில்தான் ஓடுகிறது, அதுவும் சேர்ந்து அணையும். இரண்டுக்கும் அறிகுறி ஒன்றே. இப்படி வரும்போது பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பவர் உண்டு. அதில் காசு போவதைவிடப் பெரிய கெடுதல் இருக்கிறது. இரண்டு பாகங்களைச் சேர்த்து மாற்றியதும் சரியாகிவிட்டால், எது கெட்டிருந்தது என்பது கடைசி வரை தெரியாது. பாதையின் நடுவில் அளப்பதுதான் வழி. நடுவில் சரியென்றால் முன்பாதியில் பழுது இல்லை, பின்பாதியைப் பார்க்கலாம்.

இரண்டு மல்டிமீட்டர் வைத்தோம். ஒன்று பேட்டரி முனையில். மற்றொன்று ரிசீவரில் சும்மா இருந்த ஒரு துளையில், 5 வோல்ட்டைப் பார்க்க. முதலில் பேட்டரிச் செருகியை ஆட்டியும் இழுத்தும் பார்த்தோம். இரண்டு மீட்டரும் அசையவில்லை. பிறகு, நொறுங்கிய மூக்கைப் பழையபடி மூடி ஒட்டி, வெயிலில் வைத்து, அந்தப் பையன் கையில் டிரான்ஸ்மிட்டரைக் கொடுத்தேன். அன்று ஓட்டிய மாதிரியே குச்சிகளை அசைத்துக்கொண்டே இரு என்றேன். மூடி ஒட்டச் சொன்னதன் காரணம், பழுது நடந்த நிலையிலேயே பார்க்க வேண்டும் என்பது. திறந்து வைத்த வயிற்றில் காற்று படும், பழுது ஒளிந்துகொள்ளும்.

முதல் நிமிடம் 5 வோல்ட். இரண்டாவது நிமிடம், இறக்கையின் இரண்டு மடிப்புகளும் முழுக்கத் திரும்பி நிற்கும்போது 4.7. அந்த நேரத்தில் இறக்கைச் சர்வோக்கள் உர்ரென்று உறுமுவதைப் பிள்ளைகள் கேட்டார்கள். ஐந்தாவது நிமிடம் ரிசீவரின் சிவப்பு விளக்கு அணைந்தது. 5 வோல்ட் மீட்டர் கீழே விழுந்தது. பேட்டரி மீட்டர் 11.4இல் அப்படியே நின்றது. விளக்கு மறுபடி எரிந்தது. கூடவே பீப் பீப் பீப் என்று இடைவெளியில்லாமல் சத்தம். அந்தப் பெண் கத்திக் காட்டியதற்கும் அதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

உறுமலுக்குக் காரணம், சர்வோவிலிருந்து மடிப்புக்குப் போகும் கம்பி ஓரிடத்தில் நுரை அட்டைத் துளையில் உரசி மாட்டிக்கொண்டதுதான். போக முடியாத இடத்துக்குப் போகச் சொன்னால் சர்வோ முழுப் பலத்தோடு தள்ளும், மின்னோட்டம் பல மடங்கு ஏறும். எங்கள் அளவில் மாட்டிக்கொண்ட இரண்டும் மற்ற இரண்டும் சேர்ந்து 1.3 ஆம்பியர் வரை போயிற்று. இனி இது பத்தாம் வகுப்பு மின்னோட்டவியல் பாடம். பேட்டரி 11.4, வெளியே வருவது 5, நடுவில் இழப்பது 6.4 வோல்ட். அதை 1.3ஆல் பெருக்குங்கள். 8 வாட்டுக்கு மேல். நம் ஆய்வகத்தில் இருக்கும் பற்றவைப்புக் கோல் 25 வாட். அதில் மூன்றில் ஒரு பங்கு சூடு, விரல் நகமளவு இடத்தில், நுரை அட்டைப் பெட்டிக்குள். அளவுக்கு மீறிச் சூடானால் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும் ஏற்பாடு பி.இ.சி.யில் உண்டு. அணைந்தது. கொஞ்சம் ஆறியதும் எழுந்தது. நாற்பது மீட்டர் உயரத்தில் அதற்கு நேரம் போதவில்லை.

முந்தைய நான்கு வாரங்கள் ஏன் வரவில்லை என்று ஒருத்தி கேட்டாள். நல்ல கேள்வி, அதற்குப் பதில் கிடைக்கும் வரை விசாரணை முடியவில்லை என்றே வைத்துக்கொள்ள வேண்டும். பள்ளிக் கண்காட்சிக்காக எல்லோரும் சேர்ந்து விமானத்துக்கு வண்ணத் தாள் ஒட்டியிருந்தார்கள். மூக்கிலிருந்த காற்றுத் துளையும் மூடிப்போயிருந்தது, கம்பி போகும் துளையும் குறுகியிருந்தது. இரண்டும் ஒரே நாளில் நடந்தவை. தாளைக் கிழித்தோம், துளையைப் பெரிதாக்கினோம், கம்பியை நேராக்கினோம். மறுபடி அதே சோதனை, பத்து நிமிடம், 5 வோல்ட் 4.9க்குக் கீழே இறங்கவில்லை. அதன் பிறகுதான் பறக்கவிட்டோம். ஓட்டியவன் அவன்தான்.

ரேடியோவைப் பற்றியும் ஒரு வார்த்தை. விமானம் விழுந்தால் பலரும் முதலில் 'சிக்னல் கிடைக்கவில்லை' என்பார்கள், இந்த மலையில் செல்போனுக்குச் சிக்னல் தேடித் தேடி நமக்கு அந்த எண்ணம் ஊறிவிட்டது. இதற்குச் செல்போன் கோபுரம் தேவையில்லை, கையிலிருந்து நேராக விமானத்துக்குப் போவது. 2.4 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 12.5 சென்டிமீட்டர், ரிசீவர் ஆன்டெனாவின் வெளித்தெரியும் நுனி அதில் கால் பங்கு, மூன்று சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். அந்த நுனி அறுந்திருக்கிறதா, பேட்டரியின் மேல் படுத்திருக்கிறதா என்று பாருங்கள். டிரான்ஸ்மிட்டரில் திறனைக் குறைத்துச் சோதிக்கும் வசதி இருந்தால் முப்பது தப்படி நடந்து பாருங்கள். நாங்களும் முதலில் அதைத்தான் செய்தோம், சரியாக இருந்தது.

லித்தியம் பேட்டரி உப்பியிருந்தால் மீண்டும் சார்ஜ் செய்ய வேண்டாம். சார்ஜ் ஏறும்போது ஆள் இல்லாமல் அறையைப் பூட்டிவிட்டுப் போக வேண்டாம். பறக்கவிடும் முன் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் உங்கள் ஊர் பச்சை மண்டலத்தில் இருக்கிறதா என்று பாருங்கள், 2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளையும் ஒருமுறை படித்துவிடுங்கள். காப்புக்காட்டுக்கு மேலே வனத்துறையைக் கேட்காமல் வேண்டவே வேண்டாம்.

தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் காத்திருக்கிறார்கள். இரண்டு செல் போடும் பழைய டார்ச் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் பார்க்காதபோது இரண்டு செல்லுக்கும் நடுவில் ஒரு துண்டுத் தாளை வையுங்கள். எரியவில்லை. உடனே ஒரு பிள்ளை, "செல் தீந்துபோச்சு டீச்சர்" என்று சொல்லும். தீர்ந்துபோனது உனக்கு எப்படித் தெரியும் என்று கேளுங்கள். வேறொரு டார்ச்சைக் கொடுத்து, ஒரு நேரத்தில் ஒரே ஒரு பொருளை மட்டும் மாற்றலாம் என்று விதி போடுங்கள். மாற்றும் முன் என்ன நடக்கும் என்று நினைக்கிறாய், மாற்றிய பின் என்ன நடந்தது, இரண்டையும் படமாக வரையச் சொல்லுங்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் செய்கிறார்கள், பார்த்திருக்கிறேன். செல்லை மாற்றும்போது தாள் கீழே விழுந்து டார்ச் எரிந்துவிடுவதும் உண்டு. அப்போது பழைய செல்லையே திரும்பப் போடச் சொல்லுங்கள்.

அவ்வளவுதான். பின்வரிசை மேசையில் விமானம் இருக்கிறது, இரண்டு மல்டிமீட்டரும் கையேடும் இருக்கின்றன. எங்கள் பிள்ளைகள் அதில் ஒரு பழுது வைத்து அனுப்பியிருக்கிறார்கள், எது என்று எனக்கும் சொல்லவில்லை. புரொப்பெல்லரைக் கழற்றி என் பையில் வைத்திருக்கிறேன். இருந்தாலும் பேட்டரியைச் செருகும் முன் நீங்களும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.